உத்திரமேரூருக்கு இரண்டு டிக்கெட்

தாம்பரத்திலிருந்து ஒரு வாசகி அனுப்பிய மடல் பத்து நாளாக என் செல்போனில் நட்சத்திரக் குறியோடு காத்திருக்கிறது. அதில் அவர் எழுதியிருப்பதன் சுருக்கம் இது:

"திருமணமாகி 26 வருஷம். குலதெய்வம், காதுகுத்து, துக்கம், எதுவானாலும் வேன் பிடித்துக் கும்பலாகத்தான் போயிருக்கிறோம். பையன் வேலைக்குப் போன பிறகு, முதல் தடவையாகப் போன தை மாதம் நாங்கள் இரண்டு பேர் மட்டும் கும்பகோணம் போனோம். இரண்டு நாளில் பதினான்கு கோயில். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. அவருக்கு லிஸ்டை முடிக்க வேண்டும். எனக்கு ஓர் இடத்தில் நின்று பார்க்க வேண்டும், முழங்கால் வலி வேறு. இன்னொரு தடவை முயற்சி செய்யலாம் என்று அவரே சொல்கிறார். ஒன்றரை நாள்தான் லீவு. பக்கத்தில், பழமையான ஊராக, சண்டை வராத ஊராக ஒன்று சொல்லுங்கள்."

சண்டை வராத ஊர் எனக்குத் தெரிந்து எங்கேயும் இல்லை, சகோதரி. ஆனால் நாலு பேர் சேர்ந்தால் சண்டை வரும் என்று தெரிந்து, அதற்கு என்ன செய்வது என்பதைக் கல்லிலேயே வெட்டி வைத்த ஊர் ஒன்று உங்களுக்கு இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கிறது. காஞ்சிபுரம் மாவட்டம், உத்திரமேரூர்.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். நானும் என் வீட்டுக்காரரும் முதல் தடவை அங்கே போனது ஒரு மே மாதம், பகல் பன்னிரண்டரை மணிக்கு. கோயில் நடை சாத்தியாயிற்று. நாலு மணி வரை திறக்க மாட்டார்கள். கல் தரையில் வெறுங்காலை வைக்க முடியவில்லை. "நெட்ல பார்த்துட்டு வரக்கூடாதா?" என்று அவர் கேட்டார். "நீங்க பார்க்கக்கூடாதா?" என்று நான் கேட்டேன். அதற்குப் பிறகு செங்கல்பட்டு வரை மௌனம். அதனால் உங்கள் கும்பகோணம் பஸ் எனக்கு நன்றாகவே தெரிந்த பஸ். இரண்டாம் தடவை டிசம்பரில் போனோம். இந்தத் திட்டம் அந்த இரண்டாம் தடவையிலிருந்து வந்தது.

உத்திரமேரூரில் ரயில் நிலையம் கிடையாது. ஊரும் சின்ன ஊர்தான். தங்குவதற்கு காஞ்சிபுரத்தில் அறை எடுத்துக்கொள்ளுங்கள். வசதியும் அதிகம், ஒரு காரணமும் இருக்கிறது, பிறகு சொல்கிறேன். சனிக்கிழமை மதியம் தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வழியாகக் காஞ்சிபுரம், திருமால்பூர் பக்கம் போகும் மின்சார ரயிலைப் பிடியுங்கள். அந்த வழியில் ரயில்கள் அடிக்கடி கிடையாது. நேரத்தை முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள். பஸ்ஸைவிட ரயிலைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. செங்கல்பட்டு தாண்டினால் கூட்டம் குறையும், எதிரெதிரே ஜன்னலோரம் கிடைக்கும். பாலாற்றுப் பக்கத்து வயல்களைப் பார்த்துக்கொண்டு, வீட்டுக் கடன் பற்றிப் பேசாமல் போகலாம்.

சாயங்காலம் நடை திறந்ததும் காஞ்சியில் ஒரே ஒரு கோயில். வரதராஜரும் காமாட்சியும் ஏகாம்பரநாதரும் உங்கள் வீட்டுக்காரரைக் கூப்பிடுவார்கள். இந்தத் தடவை மன்னிப்புக் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். நீங்கள் போக வேண்டியது வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு. திருமங்கையாழ்வார் பாடிய பரமேச்சுர விண்ணகரம் இதுதான். இதைக் கட்டியவன் இரண்டாம் நந்திவர்ம பல்லவன், எட்டாம் நூற்றாண்டில். சந்நிதியைச் சுற்றியுள்ள திருச்சுற்றில் சிங்கத் தூண்கள். அவற்றுக்குப் பின்னால் சுவர் முழுக்க வரிசை வரிசையாகச் சிற்பங்கள். இவை புராணக் கதை இல்லை, பல்லவ வம்சத்தின் வரலாறு. சில சிற்பங்களுக்கு மேல் கிரந்த எழுத்தில் குறிப்புகூட இருக்கிறது. அந்தக் காலத்துச் சித்திரக்கதை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அதில் ஒரு கதை நாளைய பயணத்துக்கு முன்னோட்டம். இரண்டாம் பரமேசுவரவர்மன் வாரிசு இல்லாமல் இறந்துபோகிறான். காஞ்சியில் அரசன் இல்லை. அமைச்சர்களும் நகரத்துப் பெரியவர்களும் கடிகை என்ற கல்விச்சாலையைச் சேர்ந்தவர்களும் கிளம்பிப் போய், பல்லவ வம்சத்தின் இன்னொரு கிளையைச் சேர்ந்த ஹிரண்யவர்மனிடம் ஓர் அரசனைக் கேட்கிறார்கள். அவருக்கு நான்கு பிள்ளைகள். பெரியவர்கள் மூவரும் மறுத்துவிடுகிறார்கள். கடைசிப் பையன், பன்னிரண்டு வயதுக்காரன், நான் போகிறேன் என்கிறான். அந்தப் பையன்தான் இரண்டாம் நந்திவர்மன். தேடிக் கூட்டிவந்து அரியணையில் வைத்த அந்த ராஜாவின் காலத்தில்தான் உத்திரமேரூர் சதுர்வேதிமங்கலமாக, அதாவது வேதம் கற்ற பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஊராக உருவானது. காஞ்சியில் தங்கச் சொன்ன காரணம் இதுதான். இந்தச் சுவரைப் பார்த்துவிட்டுப் போனால் அந்த ஊர் உங்களுக்கு வேறு மாதிரி தெரியும்.

ராத்திரி காஞ்சிபுரம் இட்லி. மிளகு, சீரகம், சுக்கு போட்டு, மந்தாரை இலை வைத்த மூங்கில் குடலையில் வேகவைப்பது அசல். வரதராஜப் பெருமாள் கோயிலில் பிரசாதமாகக் கிடைக்கும் அந்தச் சுவையை ஓட்டல் தட்டில் எதிர்பார்க்காதீர்கள். பட்டுக்கடைப் பக்கம் போக வேண்டாம். போனால் மறுநாள் உத்திரமேரூர் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கெல்லாம் கிளம்பிவிடுங்கள். காஞ்சியிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர், பஸ்ஸில் ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். பெண்களுக்காக ஒன்று: அறையை விட்டுக் கிளம்பும் முன்பே கழிப்பறை வேலையை முடித்துக்கொள்ளுங்கள். சின்ன ஊர்களில் நல்ல கழிப்பறை தேடி அலைவதற்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் இருந்து, தலைவலியோடு திரும்பும் பெண்கள் எத்தனை பேர்! பயணத் திட்டம் போடும் ஆண்கள் இதைத்தான் மறக்கிறார்கள். வழியில் திருப்புலிவனம் வரும், வியாக்ரபுரீசுவரர் கோயில். பார்க்க வேண்டிய கோயில்தான். ஆனால் இந்தத் தடவை பஸ் ஜன்னலிலிருந்து ஒரு கும்பிடு போதும். லிஸ்ட் வளர்வது இப்படித்தான்.

உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது இன்னொரு வைகுண்டப் பெருமாள் கோயில். பெயர் ஒன்றுதான், ஆனால் காஞ்சிக் கோயிலின் பகட்டு எதுவும் இல்லை. ஒரு சின்னச் சந்நிதி, முன்னால் பெரிய கல் மண்டபம், தொல்லியல் துறையின் பாதுகாப்புப் பலகை. முதல் பார்வையில் 'இதற்கா வந்தோம்' என்றுகூடத் தோன்றும். ஊர்ச் சபை கூடிய இடம் இது. முதலாம் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919லும் 921லும், அந்தச் சபை எடுத்த தீர்மானங்கள் இங்கே கல்லில் இருக்கின்றன. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் பேச்சில் வந்தது இந்தக் கல்வெட்டுதான்.

குடவோலை முறை என்று பள்ளிக்கூடத்தில் இரண்டு மார்க் கேள்விக்குப் படித்திருப்போம். அங்கே போய் உட்கார்ந்து கேட்டால்தான் எவ்வளவு உஷாரான ஆட்கள் என்று புரியும். ஊர் 30 குடும்பாகப் பிரிந்திருந்தது. இன்றைய வார்டு மாதிரி. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்கள் பெயரை ஓலையில் எழுதி, குடும்பு வாரியாகக் கட்டி, குடத்தில் போடுவார்கள். சிறியவர் பெரியவர் உட்பட ஊர்ச் சபை முழுவதும் கூடியிருக்க வேண்டும். ஊரில் இருக்கும் கோயில் நம்பிமார் அத்தனை பேரும் வந்திருக்க வேண்டும். அவர்களில் மூத்தவர் குடத்தைத் தூக்கி எல்லோருக்கும் காட்டுவார். உள்ளே இருப்பது என்னவென்று அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுப்பான். அதை வாங்கும் மத்தியஸ்தர் ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும்.

ஐந்து விரலையும் விரித்து! விரலிடுக்கில் இன்னோர் ஓலையை ஒளித்து வைத்திருந்து மாற்றிவிட்டால்? ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒருவர் அந்தத் தந்திரத்தைச் செய்து பார்த்திருக்க வேண்டும், இல்லையென்றால் இந்த விதி எதற்கு என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். வாங்கிய ஓலையை மத்தியஸ்தர் வாசித்த பிறகு, கூடியிருக்கும் நம்பிமாரும் வாசிக்க வேண்டும். இப்படி 30 பேர். அவர்களிலிருந்து சம்வத்சர வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். பதவி ஒரு வருஷம்.

தகுதி என்ன? வரி கட்டும் சொந்த நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், வயது 35க்கு மேல் 70க்குள். முந்தைய தீர்மானத்தில் இது 30க்கு மேல் 60க்குள் என்று இருந்தது; இரண்டே வருஷத்தில் மாற்றியிருக்கிறார்கள். கடந்த மூன்று வருஷத்தில் வாரியத்தில் இருந்தவர் மறுபடி வர முடியாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் வரவே முடியாது. அவர் மட்டுமா? அவருடைய சித்தி பெரியம்மா பிள்ளைகள், அத்தை பிள்ளைகள், மாமா, மாமனார், மைத்துனர், மாப்பிள்ளை, அப்பா, மகன் என்று உறவுக்காரர்கள் பட்டியல் நீள்கிறது, அவர்கள் பெயரும் குடத்துக்குள் போகக்கூடாது. அடுத்தவர் பொருளைத் திருடியவர், தண்டனையாகக் கழுதைமேல் ஏற்றப்பட்டவர் ஆகியோரும் அப்படியே. எங்கள் வீட்டில் சீட்டுக் கணக்குக் காட்டாத ஒரு மைத்துனர் உண்டு. யார் பக்கத்து மைத்துனர் என்று சொல்ல மாட்டேன். அந்த மண்டபத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் ஒரே ஆளை நினைத்துக்கொண்டோம்.

அதே மண்டபத்தில் எனக்கு ஒரு குறையும் உண்டு. அந்தப் பட்டியலில் பெண் இல்லை. நிலமில்லாதவர் இல்லை. வேதம் கற்ற, நிலம் வைத்திருந்த ஆண்களின் சபை அது. அந்த வயல்களில் நாற்று நட்டவர்களுக்கு அந்தக் குடத்தில் ஓலை கிடையாது. உலகுக்கே ஜனநாயகம் கற்றுக்கொடுத்தோம் என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடுவார்கள். "அந்தக் காலத்தை இந்தக் காலக் கண்ணாடியில் பார்க்காதே" என்றார் என் வீட்டுக்காரர். "பார்க்காமல் எப்படி? நான் உட்கார்ந்திருப்பது இந்தக் காலத்தில்" என்றேன். இன்று தமிழ்நாட்டு உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம், 2016இல் வந்த சட்டத் திருத்தம். அரை மணி நேரம் வாக்குவாதம். ஆனால் அது நல்ல வாக்குவாதம், சகோதரி. யார் சாவியை மறந்தார்கள் என்பது பற்றியது இல்லை. எத்தனையோ வருஷம் கழித்து நாங்கள் வீட்டுக்கு வெளியே உள்ள ஒரு விஷயத்துக்காகச் சண்டை போட்டோம்.

எழுத்தைப் படிக்க முயற்சி செய்யுங்கள். பழைய தமிழ் எழுத்து, இடையிடையே கிரந்தம். மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. ஆனாலும் ட, ப போன்றவை கொஞ்ச நேரம் பார்த்தால் கண்ணுக்கு அகப்படும். ஆளுக்கு ஒரு வரியை எடுத்துக்கொண்டு, யார் அதிகம் கண்டுபிடிக்கிறீர்கள் என்று பாருங்கள். காலை வெளிச்சம் சாய்வாக விழும்போதுதான் எழுத்துப் பள்ளங்கள் தெரியும். சீக்கிரம் கிளம்பச் சொன்னது அதற்கும்தான். எழுத்து தெரிவதற்காகச் சுண்ணாம்போ மாவோ தேய்க்காதீர்கள், விரலால் வருடாதீர்கள். முன்கூட்டிப் படித்துவிட்டுப் போக நினைப்பவர்கள் கல்வெட்டறிஞர் இரா. நாகசாமி இந்த ஊரைப் பற்றி எழுதியதைத் தேடிப் பார்க்கலாம்.

அங்கிருந்து சுந்தர வரதராஜப் பெருமாள் கோயில். மூன்று நிலை விமானம். தரைத் தளத்தில் பெருமாள் நின்ற கோலம், மேல் தளத்தில் அமர்ந்த கோலம், அதற்கும் மேலே சயனக் கோலம். மதுரைக் கூடலழகர் கோயிலைப் பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பு தெரிந்திருக்கும். மேலே போவதற்குக் குறுகலான படிகள் உண்டு. உங்கள் முழங்காலுக்கு இங்கேதான் சோதனை. மேலே திறந்திருக்கிறதா என்று அர்ச்சகரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். முடிந்தால் முதல் தளம் வரை கைபிடித்து ஏறுங்கள். முடியாவிட்டால் அவர் மட்டும் போய்வரட்டும், நீங்கள் கீழே பிராகாரத்து நிழலில் உட்காருங்கள். எனக்கும் அன்றைக்குக் கால் சரியில்லை, கீழேதான் இருந்தேன். அவர் மேலே போய்விட்டு வந்து ஒவ்வொரு சந்நிதியாக எனக்கு வர்ணித்தார். பார்த்ததை எடுத்துச் சொல்லும் வழக்கம் அவருக்கு என்றைக்குமே கிடையாது.

பதினொன்றரைக்குள் இதை முடித்துவிடுங்கள், நடை சாத்திவிடுவார்கள். நேரம் இருந்தால் கைலாசநாதர் கோயில், இல்லாவிட்டால் பரவாயில்லை. மதியச் சாப்பாட்டை பஸ் நிலையத்துப் பக்கம் எளிமையாக முடித்துக்கொள்ளுங்கள், அல்லது காஞ்சியிலிருந்தே புளியோதரை கட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

வெயில் கொஞ்சம் தாழ்ந்ததும் ஊர் ஏரியின் கரைக்குப் போகலாம். வைரமேகத் தடாகம் என்பது இதன் பழைய பெயர். நந்திவர்மனின் மகன் தந்திவர்மனுக்கு வைரமேகன் என்று ஒரு பட்டப்பெயர். இந்த ஏரியைத் தூர் வாருவதற்கென்றே கொடை வைத்த கல்வெட்டுகள் இந்த ஊரில் உண்டு. ஆறு பேர் கொண்ட ஏரி வாரியம் எதற்கு என்பது கரையில் நின்றால் விளங்கிவிடும். ஆறு எட்டாத வயல்களுக்கு மழையைப் பிடித்து வைத்தால்தான் சோறு.

மூன்று மணிக்கு ஒரு ஆட்டோவோ காரோ பேசிக்கொண்டு வேடந்தாங்கல் கிளம்புங்கள். 20 கிலோமீட்டர் அளவில் இருக்கும். காத்திருக்கும் நேரத்துக்கும், பிறகு ஜி.எஸ்.டி. சாலையில் படாளம் கூட்டுரோடு வரை கொண்டுவந்து விடுவதற்கும் சேர்த்தே வாடகை பேசிவிடுங்கள். இருட்டிய பிறகு அங்கே பஸ்ஸை நம்பி நிற்கக்கூடாது. கூட்டுரோட்டில் செங்கல்பட்டு, தாம்பரம் பஸ் கிடைக்கும்.

வேடந்தாங்கலும் ஏரிதான். நடுவில் நீர்க்கடம்பு மரங்கள், அவற்றின் மேல் கூடுகள். 1798இல் அந்த ஊர்க்காரர்கள் கலெக்டர் லயோனல் பிளேசிடம் முறையிட்டு, பறவைகளை யாரும் சுடக்கூடாது என்று எழுதி வாங்கியிருக்கிறார்கள். மதுராந்தகத்து ஏரி காத்த ராமர் கதையில் வருகிற அதே பிளேஸ் துரைதான். பறவை எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்பது ஊர்க்காரர்கள் கண்டுகொண்ட கணக்கு. தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர் அது. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை போகலாம். மழை பொய்த்த வருஷம் என்றால் ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.

நாலரைக்கு மேல் கரையில் ஓர் இடம் பார்த்து உட்கார்ந்துவிடுங்கள். இங்கே நடக்க வேண்டியதில்லை, லிஸ்ட் இல்லை. நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, அரிவாள் மூக்கன், நீர்க்காகம் எல்லாம் கூட்டம் கூட்டமாகத் திரும்பி வரும். எல்லாம் வந்து அடங்கும் நேரத்தில் வக்கா மட்டும் மரத்திலிருந்து கிளம்பும். அதற்கு ராத்திரி ஷிப்ட். "உங்க அப்பா மில் வேலைக்குப் போன மாதிரி" என்றார் என் வீட்டுக்காரர். என் அப்பா இறந்து பதினொரு வருஷம் ஆகிறது. அவருக்கு அது ஞாபகம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

கிளம்புவதற்கு முன்னால் வீட்டில் ஒரு வேலை. இந்தத் திட்டத்தில் எதை விட முடியாது, எதை விட்டால் பரவாயில்லை என்று ஆளுக்கு மூன்று சீட்டு எழுதி ஒரு சொம்பில் போடுங்கள். பையன் வீட்டுக்கு வந்திருக்கும் நாளில் அவனை எடுக்கச் சொல்லுங்கள். வருகிற சீட்டுப்படி நடப்பது என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுக்காரரை ஐந்து விரலையும் விரித்து வாங்கச் சொல்ல மறக்க வேண்டாம். போய்வந்ததும் எழுதுங்கள், மேலே ஏறினீர்களா, கீழேயே உட்கார்ந்தீர்களா என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை.